பாதத்தில் தொடங்கும் படம்

திருவள்ளூர் கோயில் கைங்கர்யத்தில் இருந்த ராமஸ்வாமி ஐயங்காரின் மகள் கமலவல்லிக்கு ஓரிடத்தில் உட்காரவே வராது. பட்டணத்துக்குப் போகும் ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் வாசலோரம் நின்றுகொண்டுதான் போவாள். அறுபத்தெட்டாம் வருஷம் அங்கே ஓவியக் கல்லூரியில் டெக்ஸ்டைல் டிசைன் படிக்கச் சேர்ந்தாள். புடவைக் கரையில் கொடியும் மாங்காயும் வரையச் சொன்னால் கை தானாக ஓடும். ஆளை உட்காரவைத்து வரையும் வகுப்புதான் அவளைப் படாத பாடு படுத்தியது.

பெருமாளைத் திருவடியிலிருந்து சேவித்துத்தான் திருமுகத்துக்கு வரவேண்டும் என்று வளர்ந்தவள் அவள். மாடலாக உட்காரும் முத்தம்மாளையும் பாதத்திலிருந்தே வரைந்தாள். கழுத்து வருவதற்குள் தாள் தீர்ந்துவிடும். வேறு தாள் எடுப்பாள், பென்சிலை மாற்றுவாள், எழுந்து ஜன்னல்வரை போய்வருவாள். மறுபடியும் பாதம்.

"தலையிலேர்ந்து ஆரம்பிச்சாத்தான் என்னம்மா?" என்று ஆசிரியர் சலித்துக்கொண்டார்.

"கை வரமாட்டேங்கறது சார்."

வருஷக் கடைசியில் ஒருநாள், வகுப்பு முடிந்ததும் முத்தம்மாள் மரத்துப்போன காலை உதறிக்கொண்டு வந்து, தலையில்லாத அந்தப் படங்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"பெருமாளை நாங்க திருவடியிலேர்ந்துதான் சேவிப்போம். அந்தப் பழக்கம்," என்றாள் கமலவல்லி, கொஞ்சம் பெருமையாகவே.

முத்தம்மாள் புடவையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள்.

"அது சாமிக்கும்மா. இத்தினி நாளா உன் எதுர்ல குந்திக்கினு இருக்கேன். என் மூஞ்சிய என்னிக்காவது பாத்தியா?"

கமலவல்லி நிமிர்ந்தாள். முத்தம்மாளின் இடது கண்ணில் பூ விழுந்திருந்தது.