லோர்னாவின் வகுப்பில் கீத்

லோர்னா பிக்கர்ஸ்கில்லுக்கு ஐம்பத்தைந்து வயதில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. பத்தொன்பது வருடமாக ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தவள், அதே பள்ளியின் வகுப்பறைக்குள் துணை ஆசிரியையாகப் போய் உட்கார வேண்டும். பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்கும். தலைமையாசிரியைக்கும் பிடிக்கும். குறுக்கே நின்றது ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றிதழ் மட்டும். அவளுக்குப் பதினாறு வயதில் அம்மா படுத்த படுக்கையானாள். பரீட்சை நடந்த வாரம் முழுக்க லோர்னா விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வாய்க்கவில்லை.

கிரிம்ஸ்பி நூலகத்து மாடியில், புதன்கிழமை மத்தியானங்களில், பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு என்று அறிவிப்பு ஒட்டிய அன்றே பெயர் கொடுத்துவிட்டாள். புது நோட்டு வாங்கினாள். பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டு வைத்தாள்.

கணவன் கீத் முன்பு மீன்பிடிக் கப்பலில் இருந்தவன். பிறகு மீனை உறையவைக்கும் கிடங்கில் பெட்டி தூக்கி, முதுகு ஒடிந்து, இரண்டு வருடமாக வீட்டில் இருந்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம். முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் அவள் சமையலைப் பற்றி அவன் சொன்ன உச்சபட்சப் புகழுரை, "உப்பு சரியாருக்கு" என்பதுதான். பேருந்தை நிறுத்திவிட்டார்கள் என்பதால் அவளைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை கீழே காத்திருப்பான்.

நவம்பரில் ஒருநாள், டீச்சர் இமோஜன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். இருபத்தொன்பது வயதுப் பெண், எப்போதும் கழுத்தில் மஞ்சள் சால்வை.

"லோர்னா, கீழே கார்ல விறைச்சுப்போய் உட்கார்ந்திருக்கிறது உங்க வீட்டுக்காரரா? மேல வரச் சொல்லுங்க. ஹீட்டராவது இருக்கு."

அப்படித்தான் கீத் உள்ளே வந்தான். கடைசி நாற்காலி, ஒரு கோப்பை டீ, இரண்டு பிஸ்கட். லோர்னாவே போய்க் கூப்பிட்டு வந்தாள். அதை நினைத்துப் பின்னால் எத்தனையோ முறை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் நாடகம் தொடங்கியிருந்தது. நானூறு வருடத்துப் பழைய சோக நாடகம். ராஜா, ராணி, பேராசை, கடைசியில் மேடை நிறையப் பிணம். பரீட்சையில் அதிலிருந்துதான் கேள்வி வரும். 'போல' வந்தால் உவமை, இதுவே அது என்றால் உருவகம் என்று இமோஜன் பலகையில் எழுதிப் போட்டாள். பிறகு கேட்டாள்: "இந்தக் காட்சியில ராணி பேசாம நிக்கிறா. அந்த மௌனத்தை எதோட ஒப்பிடலாம்?"

லோர்னா முதல் ஆளாகக் கை தூக்கினாள். "கல்லு மாதிரி."

"சரிதான். ஆனா எல்லாரும் கல்லுன்னுதான் சொல்வாங்க. வேற?"

பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது.

"வலையை மேல இழுக்கறதுக்கு முன்னாடி கயிறு இறுகும் பாருங்க," என்றான் கீத். "உள்ளே என்ன மாட்டியிருக்குன்னு தெரியாது. கனம் மட்டும் கையில தெரியும். அந்த மாதிரி."

இமோஜன் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

முடிதிருத்தும் கடை வைத்திருந்த பவுலின், லோர்னாவை முழங்கையால் இடித்தாள். "ஏண்டி, உன் வீட்டுக்காரர் வாயில தேனா ஒழுகுதே! வீட்லயும் இப்படித்தானா?"

லோர்னா சிரித்துவைத்தாள். உள்ளே என்னவோ சுருக்கென்றது.

காரில் திரும்பும்போது கேட்டாள். "இவ்வளவு நாள் எங்க இருந்துச்சு இதெல்லாம்?"

"எது?"

"அந்தப் பேச்சு."

"யாரும் கேக்கல," என்றான் கீத், விளக்கு பச்சையாவதைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த வாரம் அவனும் பெயர் கொடுத்தான். அதன்பிறகு புதன்கிழமை என்றால் கீத்தின் நாள் என்றாகிவிட்டது. ராஜாவின் பயத்தைப் பற்றிக் கேட்டால், "கிடங்கிலேர்ந்து வெளிய வந்தா வெயில் அடிக்கும், ஆனா எலும்புக்குள்ள இருக்கிற குளிர் மட்டும் இறங்க மாட்டேன்னு உக்காந்திருக்கும், அதான்" என்பான். வகுப்பே திரும்பிப் பார்க்கும். லோர்னா வீட்டில் சாப்பாட்டு மேஜையில் மணிக்கணக்காக உட்கார்ந்து உவமைகளைத் தேடினாள். பூப் போல, பனி போல, சிங்கம் போல. எழுதியதும் அவை செத்த மீனாக அவளையே வெறித்தன. அவனோ பக்கத்தில் கால்பந்து பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தான். இது என் வகுப்பு, நான் கண்டுபிடித்தது, நாற்பது வருடம் நான் ஏங்கியது என்று அவள் மனம் பொருமியது. கூடவே இன்னொன்றும் அறுத்தது. ஏட்டில் இருக்கிற ராணிக்கு இத்தனை சொல் வைத்திருந்தவன், எதிரில் இருந்தவளுக்கு ஒன்றுகூடத் தரவில்லையே.

பிப்ரவரியில், தெரிந்த ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னாள் இமோஜன். லோர்னா கீத்தைப் பற்றி எழுதினாள். நான்கு தடவை திருத்தினாள். கீத் தன் அப்பாவைப் பற்றி எழுதினான், மீன்பிடித் துறைமுகத்தில் கத்தியோடு நிற்கும் மனிதரைப் பற்றி.

லோர்னாவின் பக்கம் பச்சை மையில் ஏழு பிழை சுட்டப்பட்டுத் திரும்பி வந்தது. கீத்தின் பக்கத்தை இமோஜன் சத்தமாக வாசித்தாள். "அப்பாவின் கைகள் அவருக்கு முன்பே வயதாகிவிட்ட இரண்டு அண்ணன்கள்" என்ற வரியில் பவுலின் மூக்கை உறிஞ்சினாள். பக்கம் சுவருக்குப் போனது, நாலு மூலையிலும் குண்டூசியோடு.

அன்று கீத் காரை எடுத்துவரப் போனபோது, லோர்னா படிக்கட்டில் நின்றாள். இமோஜன் பூட்டிக்கொண்டு வந்தாள்.

"நீங்க பெருமைப்படணும், லோர்னா."

"அது கீத் எழுதினது இல்ல," என்றாள் லோர்னா. சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "ஏதோ பழைய புத்தகத்துல இருந்தது. வீட்ல பார்த்தேன்."

இமோஜனின் முகம் வாடியது. லோர்னாவுக்கு அந்தக் கணம் தாகத்துக்குத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. கார் வருவதற்குள் அது வேறாக மாறிவிட்டது.

மறுவாரம் வகுப்பு தொடங்குமுன் இமோஜன் அவனிடம் தனியாக, மெல்லத்தான் கேட்டாள். "கீத், தப்பா எடுத்துக்காதீங்க. இது உங்க சொந்த எழுத்துதானே?"

கீத் அவளைப் பார்த்தான். குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கீழே போய்க் காரில் உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகும் புதன்கிழமை தவறாமல் அவளைக் கொண்டுவந்து விட்டான். மேலே மட்டும் வரவில்லை. மூன்று வாரம் லோர்னா முன்வரிசையில் கை தூக்கினாள். ஒருநாள் இமோஜன், "ரொம்ப நல்லாருக்கு, லோர்னா" என்றுகூடச் சொன்னாள். இதற்காகவா என்று இருந்தது.

நான்காம் வாரம், நூலக வாசலில் மழை. அவள் கதவைத் திறக்கப் போனாள். கீத் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கேட்டான்:

"அந்தப் பொண்ணு ஏன் அப்படி நினைச்சா, லோர்னா? என் மூஞ்சியைப் பார்த்தா எழுதுற ஆள் மாதிரித் தெரியலையா?"

லோர்னா கதவிலிருந்து கையை எடுத்தாள். இவ்வளவு நாளும் அவன் தன்னையே குடைந்துகொண்டிருந்திருக்கிறான்.

"அவ நினைக்கல. நான் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"நீ திருடி எழுதினேன்னு. பொறாமை, கீத். எனக்கு வரலை, உனக்கு வருது. வயிறு எரிஞ்சுது. சொல்லிட்டேன்."

கீத் வைப்பரை நிறுத்தினான்.

"எங்கப்பாவைப் பத்தி எழுதினது," என்றான்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவன் இறங்கி, சாவியை இருக்கையில் போட்டுவிட்டு, மழையில் துறைமுகத்துப் பக்கமாக நடந்து போனான். லோர்னாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவியை எடுத்துக்கொண்டு மாடியேறினாள். ஒன்பது பேர் முன்னால், உட்காராமல், தான் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டாள். இமோஜன் சால்வை நுனியைத் திருகினாள்.

"அவரைக் கேட்டதே என் தப்பு," என்றாள்.

இமோஜன் அவனுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினாள். கீத் படித்துவிட்டு அலமாரியில் வைத்தான். வகுப்புக்கு வரவில்லை. லோர்னாவோடு தேவைக்கு மட்டும் பேசினான். அவள் புதன்கிழமைகளில் மூன்று மைல் நடந்தே போய் வந்தாள். ஈஸ்டருக்குப் பிறகு ஒருநாள் பாதி வழியில் கார் வந்து பக்கத்தில் நின்றது. "ஏறு," என்றான், அவ்வளவுதான்.

ஜூனில் அவள் பரீட்சை எழுதினாள். ஆகஸ்டில் தரம் வந்தது: ஒன்பதுக்கு நாலு. அதற்குக் குறைந்தால் தோல்வி. செப்டம்பரில் இரண்டாம் வகுப்பில், துணை ஆசிரியையாக, குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தாள். அன்று வந்த சந்தோஷத்தில் யார் பங்கும் இல்லை.

அதே செப்டம்பரில் கீத், கடலோரம் ஐந்து மைல் தள்ளி இருக்கிற ஊரில் நடக்கும் வகுப்பில் சேர்ந்தான். அவளிடம் கேட்கவில்லை, சொன்னான். நோட்டைப் பூட்டி வைக்கவும் இல்லை. மேஜைமேல் கிடக்கும். லோர்னா அதைச் சுற்றித் துடைப்பாள், திறக்க மாட்டாள். வகுப்பு முடிந்து அவன் முகம் மலர்ந்து வரும் நாட்களில் இன்னமும் உள்ளே சுருக்கென்றது.

அடுத்த ஆகஸ்டில் அவனுக்கு ஏழு வந்தது. தாளை அவள் முன் நீட்டினான். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"நல்லாருக்கு, கீத். நிஜமாவே."

"எரியுதா?"

பொய் சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. "கொஞ்சம் எரியுது."

"சரி, அதுவாவது நிஜம்," என்றான் கீத். கெட்டிலில் இரண்டு பேருக்குத் தண்ணீர் பிடித்தான்.