நாலு பத்துக்கு ஒரு தட்டு

இது நடந்தது. நடக்கவில்லை என்று சொல்லிவிட வசந்தாமணிக்கும் ஆசைதான். ஆனால் அவளுடைய பாட நோட்டு அப்படியே இருக்கிறது. என்ன தேதி, என்ன பாடம், எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடித்தாள் என்று தினமும் எழுதி வைப்பது அவள் பழக்கம். 1982 ஆகஸ்ட் பத்தாம் தேதிக்கு நேரே ஆரம்பித்த நேரம் மட்டும்தான் இருக்கிறது.

அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. நாமக்கல் பக்கம் தோட்டக்காரக் குடும்பம். பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, வேலைக்குப் பதிந்து வைத்து, சூரமங்கலத்தில் மாமா பாலசுந்தரத்தின் வீட்டில் தங்கியிருந்தாள். மாமா ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. அந்த டியூஷனைப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

மாணவிக்கு முப்பத்தொரு வயது! பெயர் சென்னியம்மாள். புருஷன் கந்தவேல் ரயில்வே சிக்னல் கேபினில் வேலை பார்த்தவன். டிசம்பரில் தண்டவாளத்தைக் கடக்கும்போது என்ஜின் அடித்துச் செத்துப்போனான். அவனுக்குப் பதிலாக அவளுக்கு ஒரு வேலை தருவார்கள். எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் ஆபீசில் எழுதுகிற வேலை. தேறாவிட்டால் பிளாட்பாரம் கூட்டுகிற வேலை. பதினாறு வயதில் ஒருமுறை எழுதித் தவறியவள், இந்த அக்டோபரில் ஐந்து பாடங்களையும் மறுபடி எழுத வேண்டும்.

ரயில்வே குவார்ட்டர்ஸில், மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து வரை பாடம். நான்கு வயது மகள் செல்லாயி அந்த நேரத்தில் தூங்குவாள்.

"ஏனுங்க டீச்சர், பாபரு செத்து நானூறு வருசத்துக்கு மேல ஆச்சு. அவரு எந்த வருசம் வந்தா எனக்கென்னுங்க?"

"ரயில்வேக்குத் தெரியணுமாமாங்க்கா. கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

சென்னியம்மாள் வாய்விட்டுச் சிரிப்பாள். ஆனால் ஒரு தடவை சொன்னதை மறக்க மாட்டாள். ஜூலை முடிவதற்குள் இருபடிச் சமன்பாடு அவளுக்குத் தண்ணீர்பட்டபாடு.

அவர்கள் உட்கார்ந்து படித்த மேசை பழைய தேக்கு. கேபினில் கழித்துப் போட்டதைக் கந்தவேல் ஏலத்தில் எடுத்து வந்திருந்தான். பக்கத்து ஸ்டேஷனோடு தட்டுகளாலேயே பேசுகிற மணிக் கருவி ஒருகாலத்தில் அதன் மேல்தான் இருந்ததாம்.

ஆகஸ்ட் மூன்று, செவ்வாய். கணக்கு. மணி 4.10.

டக்.

மேசைக்குள்ளிருந்து ஒரே ஒரு தட்டு. வெயிலில் மரம் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். அப்போது சத்தம் வரும். வசந்தாமணி அதைச் சொல்லிக் கொடுக்க வாயெடுத்தாள். சென்னியம்மாளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சுங்க்கா?"

"ஒன்னுமில்லீங்க. நீங்க நடத்துங்க."

ஆகஸ்ட் ஐந்து, வியாழன். சரித்திரம். மணி 4.10.

டக்.

மறுபடியும் கைகள் தொடைக்கடியில் போயின. அன்று வானம் மூடியிருந்தது. வெயிலே இல்லை.

ஆகஸ்ட் பத்து. விஞ்ஞானம். பாடம், ஒலி.

வசந்தாமணிக்கு ரொம்பப் பிடித்த பாடம். ஒலி காற்றில் போவதைவிட மரத்தில் வேகமாகப் போகும். காற்றின் துகள்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. மரத்தில் நெருங்கி நிற்கின்றன. பக்கத்தில் இருப்பவனைச் சட்டென்று தட்டிச் சொல்லிவிடலாம் அல்லவா? இதை வெறும் வாயால் சொன்னால் போதாது, காதால் கேட்க வேண்டும்.

"மேசைல காத வச்சுக் கேளுங்க்கா."

சென்னியம்மாள் தயங்கினாள். "வேண்டாமுங்க டீச்சர்..."

"பரீட்சைல கண்டிப்பா வருமுங்க்கா. ஒரே ஒரு தடவ."

அவள் குனிந்து காதை வைத்தாள். மணி 4.10.

டக்.

வசந்தாமணி அதைக் கவனித்தாள். நல்லதாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தாள். விரல் மடக்கி, அவளும் ஒன்று தட்டினாள்.

டக்.

ஒரு விநாடி... இரண்டு விநாடி...

டக். டக்.

சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் போலும். வசந்தாமணி சிரித்துக்கொண்டே திருப்பித் தட்டினாள்.

டக். டக்.

சென்னியம்மாள் நிமிர்ந்தாள்.

"என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க டீச்சர்?"

"என்னங்க்கா?"

"எட்டு மாசமா... ஒத்தத் தட்டுக்குக்கூட நான் பதில் குடுக்கலீங்க."

மின்விசிறி நின்றது.

டக். டக். டக்.

"மூணு," என்றாள் சென்னியம்மாள். "கெளம்பியாச்சு."

"யாருங்க்கா?"

"அடுத்த ஸ்டேசன்ல இருந்து எட்டு நிமிசமுங்க. பாப்பாவத் தூக்கிட்டு வெளிய போயிருங்க."

"நீங்களும் வாங்க்கா."

"கால் எந்திரிக்க மாட்டேங்குதுங்க."

வசந்தாமணி அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். மேசையோடு சேர்த்து ஆணி அடித்த மாதிரி இருந்தாள்.

"போங்க டீச்சர்! புள்ளையத் தூக்குங்க!"

மணி 4.11. தூங்குகிற செல்லாயியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினாள். வாசலில் புங்க மரத்தடியில் நின்றாள். ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு ஆள்கூட இல்லை.

4.15. காற்று நின்றது.

4.17. செருப்பில்லாத உள்ளங்காலில் ஓர் அதிர்வு. ரயில் வந்தால் தரை அப்படித்தான் அதிரும். அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள்.

இரண்டு பக்கமும் காலி.

4.18. வீட்டுக்குள் அலமாரிப் பாத்திரங்கள் கிடுகிடுத்தன... ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

4.19.

எல்லாம் அடங்கியது.

உள்ளேயிருந்து...

டக். டக். டக். டக்.

கதவு திறந்தது.

சென்னியம்மாள்தான். அதே சேலை. அதே முடிச்சுக் கொண்டை. குழந்தையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"வா சாமி."

செல்லாயி விழித்துக்கொண்டாள். பார்த்தாள். வசந்தாமணியின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு வீறிட்டாள்.

அப்போதுதான் சென்னியம்மாள் வசந்தாமணியை ஏறிட்டுப் பார்த்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"நீங்க யாருங்க?"

"அக்கா... நான்தானுங்க. டீச்சர்."

"டீச்சருங்களா? பாப்பாவுக்கு இன்னும் பள்ளிக்கூட வயசாகலீங்களே."

குழந்தையை அவள் பிடுங்கவில்லை. கை நீட்டி நிதானமாக வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். உள்ளே அழுகை ரொம்ப நேரம் கேட்டது.

மறுநாள் வசந்தாமணி பக்கத்துத் தெரு வேலுசாமியைத் தேடிப் போனாள். அவரும் கேபின்காரர். எதற்கென்று சொல்லாமல் மணித் தட்டுகளைப் பற்றி மட்டும் கேட்டாள்.

"ஒன்னுன்னா கவனின்னு அர்த்தமுங்க. மூணுன்னா வண்டி கெளம்பிருச்சு. நாலுன்னா வந்து சேந்துருச்சு."

"ரெண்டு?"

"அது கேள்விங்க. லைன் கிளியரா, வண்டிய அனுப்பட்டுமான்னு. அதே ரெண்டத் திருப்பித் தட்டுனா, 'இங்க காலியா இருக்குது, யாரும் இல்ல, அனுப்பு'ன்னு நாம சொல்றதுங்க."

"யாராச்சும் இருக்கறப்பத் தட்டிட்டா?"

வேலுசாமி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஒரு லைன்ல ஒரு வண்டிதாங்க நிக்கோணும். ஆள் இருக்கறப்பத் தட்டவே கூடாதுங்க."

அக்டோபர் பரீட்சை முடிந்த வாரம், மாமா சாப்பிட உட்கார்ந்தவர் சொன்னார்.

"ஏஞ்சாமி, உன்ற மாணவி பரீட்சைக்கே போவுலயாமா. கூட்டற வேலையே போதும்னு எழுதிக் குடுத்துட்டா. அதுல படிப்பு எத்தனாவதுன்னு கேட்ட எடத்துல அஞ்சாவதுன்னு போட்டு வச்சிருக்கா. எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் போனவ!"

வசந்தாமணி சோற்றுக் கரண்டியோடு நின்றாள்.

"அஞ்சாவதுங்களா மாமா?"

"பைலை எடுத்துப் பாத்தனே," என்று மாமா சிரித்தார். "அஞ்சாவது படிச்சது கந்தவேலு."