பால்கனியில் காய்ந்த பால் கவர்கள்

டல்லஸ் பக்கத்து இர்விங்கில் பனிக்கட்டி மழை பெய்து கரண்ட் போன நாட்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மற்றவர்களுக்குக் குளிர் ஞாபகம் வரும். எனக்கு வயிற்றைப் புரட்டும்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விருதுநகரில் புரோட்டாக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்த என்னை, படித்து அமெரிக்கா வந்துவிட்ட அத்தை மகள், தன் வீட்டில் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டாள். இங்கே அவள் ஆபீஸ் போகிறாள். நான் வீட்டையும் ஐந்து மாதப் பெண் குழந்தையையும் பார்த்துக்கொள்கிறேன். கதவைப் பூட்டினேனா என்று பார்க்கிங் வரை போனபின் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். கவலைப்படுவதில் மட்டும் பி.எச்.டி. வாங்கினவன் என்று அவள் சொல்வாள்.

அந்த வாரம் அவள் ஆபீஸ் வேலையாகக் கலிபோர்னியாவில் சான்டா கிளாரா போயிருந்தாள். பிள்ளை பெற்ற பிறகு முதல் பயணம். போவதற்கு முன் வாரக்கணக்கில் பம்ப் வைத்துத் தாய்ப்பாலை எடுத்து, உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பைகளில் நிரப்பி, மேலே தேதி எழுதி, ஃப்ரீசரில் அடுக்கிவிட்டுப் போனாள். குழந்தைக்கு அது ஒன்றுதான் ஆகாரம். டின்னில் விற்கிற பொடிப்பால் எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. மாற்றி மாற்றி வாங்கினோம். மாற்றி மாற்றி என் சட்டையில் வாந்தி எடுத்தாள். "பாலை மட்டும் பாத்துக்கோங்க மச்சான். வேற எதைப் பத்தியும் கவலைப்படாதீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் ஏர்போர்ட்டுக்குப் போனாள். கவலைப்படாதே என்று என்னிடம் சொல்வது மீனிடம் நீந்தாதே என்று சொல்கிற மாதிரி.

மறுநாளே வானம் கண்ணாடியைப் பொடி செய்து கொட்ட ஆரம்பித்தது. மரம், கார், படிக்கட்டு எல்லாம் பாகு ஊற்றினாற்போல் ஆகிவிட்டன. காலையில் கரண்ட் இல்லை. ஹீட்டர் இல்லை. அடுப்பும் கரண்ட் அடுப்பு என்பதால் அதுவும் இல்லை. எல்லாக் குழாயையும் லேசாகத் திறந்து சொட்ட விடுங்கள், இல்லாவிட்டால் பைப் உறைந்து வெடித்துவிடும் என்று அபார்ட்மெண்ட் ஆபீஸிலிருந்து போனுக்கு மெசேஜ் வந்தது. நான் குளியலறைக் குழாய் வரை போய், சொட்டுகிறதா சொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் பையனும், ஊரிலிருந்து வந்திருந்த அவன் அப்பாவும். அவர், நான் அங்கிள் என்று கூப்பிடுகிறவர், கோபிச்செட்டிபாளையம் பக்கம். மரியாதையான மனுஷர், எல்லாருக்கும் 'ங்க' போடுவார். என் மனைவியைப் பார்த்தால் மகளைக் கூப்பிடுகிற மாதிரி வாய் நிறைய "அம்மிணி" என்பார். பையன் குழாய்களைச் சொட்ட விட்டுவிட்டுப் படுத்திருக்கிறான். அங்கிள் எழுந்து போய் எல்லாவற்றையும் இறுக்கி மூடிவிட்டார். சொட்டுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நம் ஊர்க்காரனால் முடியாது. கை தானாகப் போகும். மத்தியானம் அவர்கள் சமையலறைச் சுவருக்குள் பைப் வெடித்தது. கார்ப்பெட்டெல்லாம் ஐஸ் தண்ணீர். ஆபீஸ்காரர்கள் வந்து மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள்.

"தண்ணி வீணாப் போவுதேன்னுதானுங் தம்பி மூடுனேன்," என்றார் என் வாசலில் நின்றுகொண்டு, ஈர லுங்கியோடு.

பையன் பின்னால் பெட்டியோடு நின்றான். "அண்ணா, ரெண்டு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமா? ரோடு ஃபுல்லா ஐஸ். ஹோட்டலுக்கு டிரைவ் பண்ண முடியாது."

எப்படி வேண்டாம் என்பது? வாங்க என்றேன்.

அதிலிருந்து ஆரம்பித்தது. காலையில் அங்கிள் பல் துலக்குவது என்பது பல்லோடு முடிகிற காரியம் இல்லை. அடித்தொண்டையிலிருந்து ஆரம்பித்து, நாக்கை வழித்து, காறி, ஓங்கரித்து, நான் பாட்டில் கழுவுகிற சிங்க்கில் துப்பி வைப்பார். ஊற்றத் தண்ணீர் இல்லை. பையன் மூன்று ஜோடி சாக்ஸை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு என் சோபாவில் கால் நீட்டினான். ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி அறை முழுக்க வாடை. டாய்லெட்டைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. பனிக்கட்டியைப் பக்கெட்டில் அள்ளி வந்து உருக வைத்து ஊற்ற வேண்டும். சின்னதுக்கு ஊற்றாதீர்கள், பெரியதுக்கு மட்டும் ஊற்றுங்கள் என்றேன். அவர்கள் பெரியதுக்கும் சிக்கனம் பிடித்தார்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நான்தான் ஊற்றினேன்.

இதற்கு நடுவில் என் உயிர் ஃப்ரீசரில் இருந்தது. பால் உருக ஆரம்பித்தால் மறுபடி உறைய வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியே ஊரே ஃப்ரீசராகக் கிடக்கிறது, பிறகென்ன? பைகளையெல்லாம் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, பால்கனியில் ஐஸுக்கு நடுவே புதைத்தேன். அணில் வருமோ, வெயில் வந்துவிடுமோ என்று கண்ணாடிக் கதவு வழியாக எட்டி எட்டிப் பார்த்தேன். பையன் தன் வீட்டு ஃப்ரீசரிலிருந்து மட்டன் கவரைக் கொண்டுவந்து அந்தப் பெட்டி மேலேயே வைத்தான். கவர் ஓட்டை. சிவப்புத் தண்ணீர் மூடி மேல் வழிந்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. மட்டனைத் தூக்கி அந்தக் கோடியில் வைத்தேன்.

"இது பாப்பா பால். இது மேல எதையும் வைக்காதீங்க," என்றேன் இரண்டு பேரிடமும். பெரியவர் முன்னால் தாய்ப்பால் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையன் காதில் மாட்டியிருந்ததை எடுக்காமலே தலையாட்டினான். அங்கிள், "ஆகட்டுங் தம்பி, கொழந்தை பாலு, பத்தரமா இருக்கோணும்," என்றார்.

பால்கனியில் பிரியாணி போடுவதற்காக வாங்கிய சின்ன சிலிண்டர் அடுப்பு ஒன்று என்னிடம் இருந்தது. உள்ளே பற்ற வைத்தால் ஆபத்து என்று அதைக் கதவுக்கு இந்தப் பக்கம் வர விடவில்லை. குழந்தையைப் போர்வைக்குள் என் நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால், டீ போடுகிற வேலையை அங்கிளே எடுத்துக்கொண்டார். குரங்குக் குல்லாவும் மகனுடைய ஜாக்கெட்டுமாக வெளியே நின்று, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நடுவிலும் ஒரு தடவை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தோம். சூடாக எது கிடைத்தாலும் குடிக்கிற குளிர் அது.

டீ ஒரு தினுசாக இருந்தது. நீர்த்துப்போய், லேசாக நீலம் பாரித்து, சர்க்கரை போடாமலே இனித்தது. அடியில் ஒரு சோப்பு வாடை. டம்ளர் கழுவத் தண்ணீர் இல்லையே, அந்த அழுக்குதான் என்று நினைத்துக் குமட்டலை அடக்கிக்கொண்டேன்.

"டீ வேற மாதிரி இருக்குப்பா," என்றான் பையன்.

"இந்த ஊருப் பாலு அப்படித்தான்டா. சத்தே இல்லை. ஒரு கவரு ஒருத்தருக்குப் பத்த மாட்டேங்குது."

எங்கள் வீட்டில் கேன் பால்தானே இருந்தது, கவர் எங்கே வந்தது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. மனைவி வீடியோவில் வந்துகொண்டிருந்தாள். அவள் பின்னால் ஜன்னலில் மஞ்சள் வெயில். "டல்லஸ் ஃப்ளைட் எல்லாம் கேன்சல் மச்சான். நாளைக்குக் கிடைக்கும்னு சொல்றாங்க. பால் இருக்குல்ல?" என்றாள்.

"தாராளமா இருக்கு," என்றேன்.

போனை வைத்துவிட்டு, அடுத்த வேளைக்கு ஒரு பையை எடுக்கப் பால்கனிக்குப் போனேன். பெட்டியில் கதவுப் பக்கம் அடுக்கியிருந்ததிலிருந்துதான் அதுவரை எடுத்துக்கொண்டிருந்தேன். கையை விட்டுத் துழாவினால் மறுபக்கம் காலி. அடியில் இரண்டே இரண்டு பைகள் கிடந்தன. நிமிர்ந்தேன். கண்ணாடிக் கதவிலிருந்து தெரியாத கோடியில், பால்கனிக் கம்பியில் வரிசையாகத் துணிக் கிளிப் போட்டு, மூலையை மட்டும் கத்தரித்த பைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஐஸ் தண்ணீரில் அலசி, மடிப்பு நீவி, ஒழுங்காக மாட்டியிருந்தார். ஒவ்வொன்றின் மேலும் என் மனைவி எழுதிய தேதி.

"அங்கிள், இதென்ன?"

"பால் கவருங் தம்பி. நல்ல கவரு. வாயில ஜிப்பெல்லாம் வெச்சிருக்கான். ஊருக்கு எடுத்துட்டுப் போனா மாத்திரை போட்டு வெக்கலாமுங்க."

"பாப்பா பால்னு சொன்னேனே!"

"ஆமாங்க. நெறையாக் கெடந்துது. கொழந்தை எத்தனை குடிக்கும்? மிஞ்சறதுலதான் கொஞ்சூண்டு…"

"அங்கிள், அது மாட்டுப்பால் இல்ல."

"பின்ன? எருமைங்களா?"

பை மேல் இருந்த என் மனைவியின் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினேன். பையன் காதில் இருந்ததைக் கழற்றினான். அவன் முகம் முதலில் கோணிக்கொண்டது. பிறகு பால்கனிக் கம்பியைப் பிடித்துக் குனிந்து, கீழே நின்ற யாருடைய காரின் மேலோ வாந்தி எடுத்தான். எனக்கு நாக்கு முழுக்க அந்த இனிப்பு திரும்பி வந்தது, சோப்பு வாடையோடு. அங்கிள் குல்லாவைக் கழற்றிவிட்டார். கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைக்கவும் தெரியாமல் கையில் வைத்துக்கொள்ளவும் முடியாமல், சூட்டைப் பிடித்தவர் மாதிரி கை மாற்றிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அருவருப்பைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் ஏறிவிட்டது. இரண்டு பை. அவள் வருவது நாளையோ, நாளை மறுநாளோ.

இரண்டு பையையும் இழுத்து இழுத்துக் கொடுத்தேன். விடிந்ததும் தீர்ந்துவிட்டது. குழந்தை கையைச் சப்பியது, என் சட்டைப் பொத்தானைச் சப்பியது, பிறகு அழுதது. அங்கிள் மூலையில் உட்கார்ந்து, "கொஞ்சம் அரிசிக் கஞ்சித் தண்ணி குடுத்துப் பாக்கலாமுங்களா?" என்றார். "நீங்க பேசாம இருங்க," என்றேன். பெரியவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அலமாரிப் பின்னால் கிடந்த பொடி டின்னை எடுத்து, பாட்டில் தண்ணீரைச் சுட வைத்துக் கலக்கிக் கொடுத்தேன். குடித்தாள். அரை மணியில் எல்லாவற்றையும் என் கழுத்துக்குள் வாந்தி எடுத்தாள். புளித்த வாடை. துடைக்கத் துணி இல்லை, கழுவத் தண்ணீர் இல்லை. மறுபடி கொடுத்தேன், மறுபடி எடுத்தாள். இரண்டாவது தடவை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகினாள். டாக்டருக்குப் போன் போட்டால், உதடு காயாமல், டயப்பர் நனைந்துகொண்டிருக்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், நின்றுவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றார்கள். டயப்பரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஸ்பூனால் நனைத்து நனைத்து உதட்டில் வைத்தேன்.

அங்கிள் காணாமல் போயிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால், கீழே படிக்கட்டில் தோசைக் கரண்டியை வைத்துக்கொண்டு ஐஸைக் கொத்திக்கொண்டிருந்தார். என் தோசைக் கரண்டி.

"அம்மிணி வர்றப்ப வழுக்கி விழுந்தறக் கூடாதுங்ளே," என்றார் ஜன்னலைத் திறந்து நான் கத்தியதற்கு.

மத்தியானம் தாண்டி அவள் வந்தாள். டாக்ஸிக்காரன் மேட்டில் ஏற மாட்டேன் என்று கீழேயே இறக்கிவிட்டிருந்தான். ஒரு கையில் பெட்டி, மறு கையில் ஹோட்டலில் எடுத்துச் சேர்த்த பால் வைத்த கூலர் பை. அங்கிள் கொத்திய படிகளில் ஏறி வந்தாள். என்னையும் பார்க்கவில்லை, வீட்டின் நாற்றத்தையும் கேட்கவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை விழுங்கும் சத்தம் கேட்டது. மடக் மடக் என்று. அந்தச் சத்தம் கேட்டதும்தான் என் கழுத்தில் காய்ந்திருந்த வாந்தி நாற ஆரம்பித்தது.

அவள் வெளியே வந்தபோது நடந்ததையெல்லாம் சொன்னேன். முகம் எப்படியெப்படியோ போனது. அங்கிள் ஒரு டம்ளரில் வறட்டு டீயோடு வந்து நின்றார். பால் இல்லாத டீ. தரையைப் பார்த்துக்கொண்டே, "அம்மிணி, தெரியாமப் பண்ணிட்டனுங்க. மன்னிச்சுக்கோணும்," என்றார்.

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"இனிமே என்னை அம்மிணின்னு கூப்பிடாதீங்க அங்கிள்."

அவர் முகம் செத்துவிட்டது. "சரிங்க," என்றார்.

"அம்மான்னு கூப்பிடுங்க. பால் குடிச்சாச்சுல்ல, அதான் முறை."

பையன் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினான். சிரிக்கவா, மறுபடி எடுக்கவா, தெரியவில்லை. அங்கிளுக்கு வேடிக்கை என்று புரியவே இல்லை. கைகளைக் குவித்து, "சரிங்கம்மா," என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க எத்தனை டம்ளர் குடிச்சீங்க மச்சான்?"

குழந்தையின் டயப்பரை மாற்ற வேண்டும் என்று எழுந்து போனேன். நனைந்திருந்தது, கனமாக. இன்றைக்கும் நான் பால் டீ குடிப்பதில்லை. ஊருக்குப் போய்விட்ட அங்கிள் அவளுக்குப் போன் போட்டால் முதலில் "அம்மா, நல்லா இருக்கீங்களா" என்கிறார். அப்போதும் எனக்கு வயிற்றைப் புரட்டத்தான் செய்கிறது.