மூன்று நூல் இழைத்த கதவு

ரங்கூன் மழை பிடித்துக்கொண்டால் பல்கலைக்கழகத்தில் ஒரு கதவும் ஒழுங்காகச் சாத்தாது. நல்ல தேக்குதான், ஆனாலும் ஈரம் குடித்து உப்பிவிடும். ஆபீசிலிருந்து சீட்டு மேல் சீட்டு வரும். கதவு, ஜன்னல், பெஞ்சி எல்லாவற்றையும் பழுது பார்க்க அங்கே இருந்த ஆசாரி நான் ஒருவன்தான்.

உப்பிய கதவைக் கொஞ்சமாகத்தான் இழைக்க வேண்டும். மழை விட்டதும் அது மறுபடி சுருங்கும். இது தெரியாத ஆசாரி உண்டா? ஆனால் ரசாயனக் கூடத்துக் கதவுக்கு ஒரே வாரத்தில் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்கள். மூன்றாம் தடவை எனக்குக் கோபம் தலைக்கேறியது. பூட்டைக் கழற்றச் சோம்பல்பட்டு, கீல் பக்கத்து விளிம்பில் இழைப்புளியைப் போட்டேன். ஒரு நூல் எடுக்க வேண்டிய இடத்தில் மூன்று நூல் எடுத்தேன். எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். 'இனிமேல் எவன் கூப்பிடுகிறான் பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டே கதவை மாட்டினேன். அந்த மழை முடியும்வரை ஒருவரும் கூப்பிடவில்லை.

அந்தக் கட்டடத்தைச் சாயங்காலம் பூட்டிக் காலையில் திறக்கும் காவற்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். வேலையோடு கொடுத்த ஓர் அறையில் மனைவியோடு இருந்தார். தை மாதத்தில் ஒருநாள் என் பட்டறைக்கு வந்தார்.

"ஆசாரி, சாவி சுத்துது, பூட்டின மாதிரிதான் இருக்கு. ஆனா கதவு லேசா ஆடுது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

"கதவு ஆடல அண்ணே, ஒங்க கைதான் ஆடுது. நேரத்துக்குக் கஞ்சியக் குடிங்க" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே போனார். மழை விட்டுக் கதவு சுருங்கி என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அப்போதே தெரியும். இருந்தும் போய்ப் பார்க்கவில்லை.

மாசியில் அந்தக் கூடத்திலிருந்து இரண்டு பித்தளைத் தராசுகள் களவு போயின. கதவை யாரும் உடைக்கவில்லை, பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. காவற்காரரை ஆபீசில் உட்காரவைத்துவிட்டு, பூட்டைப் பார்க்கச் சொல்லிச் சாவியோடு எனக்கு ஆள் அனுப்பினார்கள். கட்டடங்களுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரை வருவதற்குள் நான் போய்விட்டேன். அங்கே யாரும் இல்லை. கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினேன். பூட்டின் நாக்கு நிலையிலுள்ள துளைக்குள் நகக்கண் அளவுகூடப் போகவில்லை. ஒரு விரலால் தள்ளினேன், திறந்துகொண்டது.

நாக்கு நுழையும் பித்தளைத் தகட்டை நிலையிலிருந்து கழற்றினேன். அடியில் ஒரு தேக்குச் சில்லை வைத்து, தகட்டை முன்னுக்குக் கொண்டுவந்து மறுபடி திருகினேன். புது மரம் கண்ணில் படாமலிருக்கத் தரைப் புழுதியை வழித்துத் தேய்த்தேன். அந்தக் கூடத்தில் அவ்வளவு நேர்த்தியாக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை.

துரை காவற்காரரோடு வந்தார். கதவு சரியாக இருக்கிறதா என்று இந்துஸ்தானியில் கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன்.

"தையிலயே சொன்னேனே ஆசாரி, ஆடுதுன்னு?" என்றார் காவற்காரர்.

கதவைச் சாத்திப் பூட்டி, தோளால் ஓங்கி இடித்துக் காட்டினேன். அசையவில்லை. துரை அவரையும் தள்ளிப் பார்க்கச் சொன்னார். அவர் மூன்று தடவை தள்ளினார். பிறகு தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பூட்டாமல் விட்டுவிட்டார் என்று அன்றே அவருக்கு வேலை போயிற்று, அறையும் போயிற்று.

உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? துரை கத்தியிருப்பார், அவ்வளவுதான். என்னை அனுப்பிவிட்டால் அத்தனை கதவுகளுக்கும் ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வயிற்றுப் பிழைப்புக்காகச் சொன்ன பொய் என்று என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. என் கை தவறாது என்ற பேருக்காக ஒரு கிழவரின் வாயில் மண்ணைப் போட்டேன். வெட்கங்கெட்டவன் நான்.

மறுநாள் காலை அவர் பட்டறை வாசலுக்கு வந்தார். தகரப் பெட்டியின் பக்கத்தில் அவர் மனைவி மரத்தடியில் நின்றிருந்தாள். போட்டாதாங் துறையில் படகு பிடித்து, ஆற்றுக்கு அக்கரையில் சிரியம் ஊரிலுள்ள ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்.

"தப்பு என் மேலதான் ஆசாரி. பூட்டுனதாத்தான் நெனச்சேன். வயசாச்சு, மறந்துட்டேன் போல. தொரை முன்னால ஒங்க வேலையக் குத்தம் சொல்லிப்புட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

துரையின் அறை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அப்போதாவது அவர் கையைப் பிடித்து அங்கே அழைத்துப் போயிருக்கலாம்.

"அதனால என்ன அண்ணே, நான் ஒண்ணும் நெனச்சுக்கல" என்று சொல்லி, அவரை மன்னித்து அனுப்பினேன்.