நடு இடம்

"மூணு மாசம்கூடத் தாங்க மாட்டா பப்பா. அழுதுகிட்டே கப்பலேறிடுவா, பாத்துக்கிட்டே இருங்க."

சைகோன் துறைமுகத்தில் என்னை அழைத்துப்போக வந்திருந்த மாமா மகள், என் காதில் விழும்படியே இதைச் சொன்னாள். மாமா சிரித்தார். நான் தகரப் பெட்டியை அவரிடம் கொடுக்காமல் நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். அங்கே என் முதல் கல்விப் பருவத்தின் கடைசி நாளில் எடுத்த புகைப்படம் இப்போது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அதில் மூன்று பெண்கள். மாமா மகள் நடுவில் நிற்கிறாள். அவளுடைய வியட்நாமியத் தோழி ஒரு பக்கம். மறுபக்கம், பாதி முகம் நிழலில் விழ, நான். அந்தப் படத்தை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் கோபத்தோடு.

மாமா என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். காரைக்காலிலிருந்து இளம் வயதிலேயே வந்து இங்கே சுங்க அலுவலகத்தில் எழுத்தரானவர். மனைவி இந்த ஊர்ப் பெண். அதனால் அவர் மகளுக்குத் தமிழ், பிரெஞ்சு, வியட்நாமியம் மூன்றும் தாய்ப்பாலோடு வந்தவை. எனக்கோ ஒவ்வோர் எழுத்தும் முட்டி தேய வந்தது. என் அப்பா காரைக்கால் துறையில் மூட்டை தூக்கினார். எங்கள் வீட்டில் பெருவிரலை மையில் அழுத்தாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். கன்னியர் பள்ளி வாங்கித் தந்த உதவித்தொகையில் சட்டம் படிக்கக் கடல் தாண்டி வந்தவள் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது. இங்கே வந்து பார்த்தால், அதே வகுப்பில், அதே பெஞ்சில், எதையும் தாண்டாமலே வந்து உட்கார்ந்திருந்தாள் அவள்.

அவள் படித்து நான் பார்த்ததில்லை. நீண்ட வெள்ளை அங்கியின் முனையைச் சைக்கிள் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு புளியமரத் தெருவில் போவாள். என் சேலை சக்கரத்தில் சிக்கும் என்பதால் நான் நடந்தே போவேன். வேர்த்துப்போய் நான் வகுப்புக்குள் நுழையும்போது, அவளைச் சுற்றி ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கும். "வாடி காரைக்கா கலெக்டரு, ஒனக்கு எடம் பிடிச்சு வச்சிருக்கேன்" என்பாள். இடம் பிடித்து வைத்ததற்கு நன்றி தோன்றாது. கூட்டத்தில் சொன்ன கலெக்டர்தான் நாள் முழுக்க உறுத்தும்.

அந்த மாதங்களில் நகரமே உடை மாற்றிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவின் பிரெஞ்சுப் பெயர்ப்பலகையைக் கழற்றி வியட்நாமியப் பெயரை மாட்டினார்கள். ஒரு வாரம் முழுக்கத் துப்பாக்கிச் சத்தம் கேட்டதில் பாடங்கள் நின்றன. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த நம்மவர்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கப்பலேறி பிரான்சிலுள்ள மார்செய்க்குக் கிளம்பினார்கள். பருவம் முடிந்ததும் தாமும் புறப்படுவதாக மாமா முடிவு செய்தார். அப்பா யாரையோ கொண்டு எழுதியனுப்பினார்: பரீட்சையில் தேறினால் கன்னியர் விடுதியில் தங்கிப் படி, தவறினால் மாமா வீடு காலியாகும்போதே ஊருக்கு வந்துவிடு, மாப்பிள்ளை பார்த்திருக்கிறது. மூன்று மாதம் தாங்குவேனா என்ற கேள்வி, பருவ முடிவின் ஒரு வாய்மொழித் தேர்வில் வந்து நின்றது.

தேர்வறையில் ஒரு பீங்கான் கிண்ணத்தில் கேள்விச் சீட்டுகளை மடித்துப் போட்டிருப்பார்கள். கையை விட்டு எடுத்தது எதுவோ, அதுதான் கேள்வி. எனக்கு வாரிசுரிமை வந்தது. தலைகீழாகப் பாடமாக இருந்தும் பாதியில் தடுமாறினேன். பேராசிரியர் சன்னலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு எப்படியோ முடித்தேன். அடுத்து உள்ளே போன மாமா மகள் பேராசிரியரையே சிரிக்கவைத்தது வெளியே எனக்குக் கேட்டது. மாலையில் முற்றத்தில் முடிவுகளைப் படித்தார்கள். அவள் பாராட்டுடன் தேறினாள். நான் தேறினேன், அவ்வளவுதான். ஊருக்குப் போகவேண்டியதில்லை என்று துள்ளியிருக்க வேண்டிய நேரத்தில், அவள் பெயருக்குப் பின்னால் வந்த அந்த ஒரு சொல்லையே என் மனம் மென்றுகொண்டிருந்தது.

அன்றே அவள் தோழியையும் என்னையும் ஒரு புகைப்பட நிலையத்துக்கு இழுத்துப்போனாள். புகைப்படக்காரர் எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டி ஏதோ மறுத்துச் சொன்னார். வியட்நாமியத்தில் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். ஆனால் அவர் கண் என் சேலையிலும் கறுத்த முகத்திலும் நின்றதுபோல் எனக்குப் பட்டது. இந்தப் பெண் வேண்டாம் என்கிறார், வேறென்ன? தோழியும் தயங்கினாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விறுவிறுவென்று போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன்.

மாமா மகளின் சிரிப்பு நின்றது. என் தோளைப் பிடித்து ஓரத்துக்குத் தள்ளினாள். "நவுருடி. நடு எடம் எனக்கு." தள்ளியது வலித்தது. விளக்கு மின்னியது. வகுப்பில், வீட்டில், முற்றத்தில் எல்லாம் எடுத்துக்கொண்டது போதாதா, ஒரு படத்திலும் நடு இடத்தை எனக்கு விட மனமில்லையா என்று வீடு வரைக்கும் பொருமிக்கொண்டே நடந்தேன். பத்தே நாளில் அவர்கள் கப்பலேறினார்கள். துறைமுகத்தில் அவள் அழுதாள். நான் அழவில்லை. அதை ஒரு வெற்றியாக நினைத்துக்கொண்டேன்.

படத்தின் பிரதியைத் தோழிதான் விடுதிக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். "அன்றைக்கு அவளைப் பார்த்து நான் பயந்தேபோனேன்" என்றாள். ஏன் என்றேன். எனக்குத் தெரியாதது அவளுக்கு வியப்பாக இருந்தது. இந்த ஊரில் மூன்று பேர் சேர்ந்து படம் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது, மூவரில் அவர்தான் முதலில் செத்துப்போவார் என்பார்கள். புகைப்படக்காரர் மறுத்தது அதற்காகத்தான். "நீ போய் நடுவில் நின்றாய். அவள் உன்னைத் தள்ளிவிட்டுத் தான் நின்றாள்."

நெஞ்சு உருகியது என்று எழுத ஆசைதான். உண்மையில் முதலில் வந்தது ஆத்திரம். பெரிய மனசு என்பதிலும் அவளே முந்திக்கொண்டாள். அதையும் படிப்பைப் போலவே, மெனக்கெடாமல், ஒரு தள்ளலில் முடித்துவிட்டாள். எனக்கு அந்தச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது, சட்டம் படிப்பவள் நான். ஆனாலும் மார்செய்யிலிருந்து அவள் கடிதம் தாமதமானால் மேசைக் கண்ணாடியைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. அங்கே போனதும் அவளை மறுபடியும் முதலாண்டிலேயே சேர்த்தார்களாம். எங்கிருந்து வந்தவள் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு ஊர் சொல்லி வைக்கிறாளாம். குளிரில் மூக்கு சிவந்து எல்லோரும் தன்னைக் குடிகாரி என்று நினைப்பதாக எழுதியிருந்தாள். அவளுடைய துன்பம்கூட என் இன்பங்களைவிடச் சிரிப்பாக இருக்கிறது.

போன வாரம் இங்கே இன்னொரு பருவம் முடிந்தது. சட்டப் படிப்பில் இது எனக்கு மூன்றாம் ஆண்டு. விடுதியில் என் அறையிலிருக்கும் பெண் விடுமுறைக்கு, சைகோனுக்கு வெளியே கூச்சி என்ற தன் ஊருக்குப் போகிறாள். அங்கே இரவில் வயல்களைத் தாண்டிக் குண்டுச் சத்தம் கேட்கிறது என்று அவள் வீட்டார் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். போவதற்குமுன் ஒரு படம் வேண்டும் என்றாள். பழைய தோழியும் சேர்ந்துகொள்ள, அதே நிலையத்துக்குப் போனோம். அதே மனிதர், அதே கையாட்டல். "மூணு பேரா? வேண்டாம்மா, இன்னொருத்தரைக் கூட்டிக்கிட்டு வாங்க." இந்த முறை ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தபடி ஆளுக்கொரு ஓரமாக ஒதுங்கினார்கள். நடுவில் ஓர் ஆள் இடம் காலியாகக் கிடந்தது.

நான் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு போய் அங்கே நின்றேன்.

படம் நேற்றே மார்செய்க்குத் தபாலேறிவிட்டது. பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "மூணு மாசம் தாங்கிட்டேன்டி."