கீழக் கட்டடம் எது?

நான் முத்தையாபுரத்தில் மின் பொறியாளர். சென்ற மாதம், மலைச்சரிவிலுள்ள பழம்பெரும் ஹோட்டல் ஒன்றில் வயரிங் மாற்றப் போனோம். வெள்ளைக்காரர் கட்டிய பங்களா சரிவின் அடியில் இருந்தது. பின்னால் வந்த முதலாளிகள் ஒவ்வொரு கட்டடமாகச் சரிவில் மேலே மேலே கட்டியிருந்தார்கள்.

பங்களாவின் மெயினை அணைத்துவிட்டு, எங்கள் எலக்ட்ரீஷியன் அந்தோணி அண்ணனைப் போனில் அழைத்தேன். “கீழக் கட்டடத்துல கரண்டு இல்லண்ணே, வயரைப் பிரிங்க.”

கொஞ்ச நேரத்தில் அவரே அழைத்தார். “ஏளா, இங்கன டெஸ்டர் எரியுது! என்னைய ஒரேயடியா மேல அனுப்பப் பாத்தியோ?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துத் திரேஸ்புரத்துக்காரரான அவருக்குக் கீழ என்றால் கிழக்கு. அந்த ஹோட்டலின் கிழக்குக் கட்டடமோ சரிவின் உச்சியில் இருக்கிறது; அண்ணன் அங்கே போயிருந்தார். ஊரில் நானும் அப்படித்தான் பேசுவேன். அன்று மட்டும் தாழ்வான இடத்தைச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது கட்டடங்களுக்கு எண் எழுதி ஒட்டுகிறேன். அணைத்த மெயினைப் பூட்டி, வயரைத் தொடப்போகிறவர் கையிலேயே சாவியைக் கொடுத்துவிடுகிறேன்.