பாலைவன வீட்டுக்கு ரொறொன்ரோவில் போட்ட கணக்கு

வீட்டுச் செலவு மதிப்பிடுகிறவனிடம் எவரும் தொகையை அறிய வருவதில்லை. தாங்கள் மனதில் வைத்திருக்கும் தொகையை அவன் வாயால் கேட்கவே வருகிறார்கள். வீடு கட்டியவர்களுக்கும், வாங்கிவிட்டு நித்திரை கெட்டவர்களுக்கும் இது தெரிந்திருக்கும். எண்பதுகளின் நடுவில் நான் இந்தத் தொழிலை ரொறொன்ரோவின் ரெக்ஸ்டேலில் ஓர் அலுவலகத்தில் செய்தேன். பனிக்குப் பயந்த கனடாக்காரர் அரிசோனாப் பாலைவனத்தில் வீடு கட்டப் புறப்படுவார்கள். எவ்வளவு காசு முடியும் என்று நாங்கள் சொல்வோம். அப்படிப் போட்டவற்றில் ஒரு மதிப்பீடு மட்டும் நான் குடியிருந்த வீட்டின் எதிர்க் கதவிலிருந்து வந்தது. அது இழுபட்டால் ஒரு மனுசி இன்னொரு பனிக்காலத்தை மூச்சுத் திணறலோடு கழிக்கவேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மணல் அனுபவம்

சவூதியில் குடியிருப்புத் திட்டங்களுக்கு மதிப்பீடு போட்டுவிட்டு 1984இல் ரொறொன்ரோ வந்தேன். ஏறி இறங்கிய அலுவலகமெல்லாம் கனடா அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் கோப்பை மூடினார்கள். ரெக்ஸ்டேலில் மரியோ என்ற இத்தாலியர் மட்டும் வேறு கேள்வி கேட்டார்: கொதிக்கிற வெயிலில் கொங்கிறீற் ஊற்றினால் என்ன நடக்கும்? வெடிக்கும், ஆகவே விடியுமுன் ஊற்றி ஈரச் சாக்கால் மூடவேண்டும் என்றேன். சான்றிதழ்களை எடுக்கக் குனிந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"கனடா அனுபவம் உள்ளவர்கள் இங்கே எட்டுப் பேர் இருக்கிறார்கள். பாலைவனத்து வீட்டுக்கும் பனி தாங்கத்தான் கூரை போடுகிறார்கள்."

டிரைவர் அறை

என் முதல் மதிப்பீடு, பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவருக்கு. சவூதியில் வசதியான வீடு என்றால் கேற்றுக்குப் பக்கத்தில் டிரைவருக்கு ஓர் அறை இருக்கும். கைப்பழக்கத்தில் அதையும் சேர்த்துவிட்டேன், குளியலறையோடு. மரியோவின் கண்ணில் அது படவில்லை. வந்தவரின் கண்ணில் பட்டது. அவர் மனைவிக்கு அந்த வரியை விரலால் காட்ட, அந்த அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அவசரமாக ரப்பரை எடுத்தேன்.

"விடுங்கள். முப்பது வருடமாக ஊரையே ஏற்றி இறக்கினேன். எனக்கென்று ஓர் அறை ஒதுக்கிய முதல் ஆள் நீங்கள்தான்."

பேஸ்மென்ற்

அடுத்த கிழமை அதே பஸ்காரர் தனியே வந்து பேஸ்மென்ற் கேட்டார். நிலத்துக்குக் கீழே ஓர் அறை இல்லாவிட்டால் ரொறொன்ரோக்காரருக்கு அது வீடே அல்ல. அரிசோனாவில் அந்தக் காணியைக் கொஞ்சம் கிண்டினாலே சுண்ணாம்பு இறுகிக் கல்லாகக் கிடக்கும். உடைக்கிற கூலிக்கு மேலே இரண்டு அறை கட்டலாம் என்று விளக்கினேன். சாமான் வைக்கவா என்று கேட்டேன். இல்லையாம். வீட்டில் வாக்குவாதம் வந்தால் இத்தனை வருடமும் கீழேதான் இறங்கிப் போயிருந்தாராம்; அங்கே எங்கே போவது?

மதிப்பீட்டுத் தாளைத் திருப்பி, நான் தவறுதலாகப் போட்ட டிரைவர் அறையைக் காட்டினேன். வீட்டிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று கேட்டார். சொன்னேன். முகம் தெளிந்தது.

"தாழ்ப்பாளை உள்பக்கம் போடுங்கள்."

கிணறு

ஸ்காபரோவில் என் அப்பார்ட்மென்றுக்கு எதிர்க் கதவு செல்வரத்தினம் அண்ணையுடையது. அவர் மனைவி மங்கை அக்காவுக்குத் தொய்வு. பனி தொடங்கினால் இரண்டு வசனம் பேசுவதற்குள் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உலர்ந்த காற்றுள்ள இடத்துக்குப் போகச் சொன்னார் டொக்ரர். அவர்களுடைய ஒரே மகள் அரிசோனாவில், பாலைவனத்து ஓரமாக, குடும்பத்தோடு இருந்தாள். தன் வளவில் ஒரு துண்டைத் தாய் தகப்பனுக்கு ஒதுக்கி, அவர்களை அமெரிக்காவுக்குக் கூப்பிடுகிற விசா அலுவல்களையும் முடித்திருந்தாள். அடுத்த பனிக்கு முன் அதில் ஒரு சின்ன வீடு எழும்பவேண்டும். அவ்வளவுதான்.

அண்ணையின் சேமிப்புக்கு வீடு கட்டுப்பட்டது. கிணறு கட்டுப்படவில்லை. அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் கிடையாது. துளைத்தால் நூற்றுக்கணக்கான அடி போகவேண்டும். வீட்டுச் செலவில் பாதியைக் கிணறே விழுங்கிவிடும். மகளின் கிணறு கூப்பிடு தூரத்தில்தானே, ஒரு குழாய் இழுத்தால் போதுமே என்றேன். அண்ணை என் கையிலிருந்த பென்சிலை வாங்கி மேசையில் வைத்தார்.

"மருமோன்ரை கிணத்துத் தண்ணியிலை நான் குளிக்கிறதோ? கிணறு இல்லாட்டி எனக்கு வீடும் வேண்டாம் தம்பி."

பங்கு

வைகாசி போய் ஆனியும் வந்தது. மதிப்பீடு அப்படியே கிடந்தது. சுவரை ஒடுக்கினேன், கூரையை மாற்றினேன், கிணறு அசையவில்லை. எங்கள் அலுவலகத்தில் படம் கீறுகிற அன்ரன், மன்னார்க்காரன், என் தாளைப் பார்த்துவிட்டு, குறைக்கவேண்டியது கிணற்றின் ஆழத்தை அல்ல, மாமனாரின் உயரத்தை என்றான். அதற்கு என்னிடம் விலைப்பட்டியல் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி முயற்சியாகப் போனேன். அண்ணை அதே பதிலைச் சொன்னார். தேத்தண்ணியோடு வந்த மங்கை அக்கா கதிரையில் அமர்ந்து மூச்சை ஒருநிலைப்படுத்தினார். மகள் அந்த வளவை எந்தக் காசில் வாங்கினாள் என்று அண்ணையைக் கேட்டார். நாங்கள் குடுத்த சீதனக் காசிலைதான் என்றார் அண்ணை. ஊரில் தங்கள் காணி உறுதிப் பத்திரத்தில் கிணற்றைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்துக் கேட்டார். அண்ணை தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார். அக்காவே சொன்னார், இடையிடையே நிறுத்தி.

"கிணத்திலை பங்கெண்டு எழுதியிருக்கு. அஞ்சு வீட்டுக்கு ஒரு கிணறு. அதிலை அள்ளேக்கை ஆர் ஆருக்குக் குறைஞ்சு போனவை?"

அண்ணை தேத்தண்ணி முழுவதையும் குடித்து முடித்தார். பிறகு பென்சிலைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பங்கெண்டு போடும் தம்பி. மருமோனும் அதை உறுதியிலை எழுதவேணும்."

தொலைபேசி

கிணறு என்ற வரிக்கு நேரே 'பங்கு' என்று எழுதி, குழாய்க்கும் மோட்டருக்கும் மட்டும் விலை போட்டேன். மருமகன் உடனேயே ஓம் என்றார். அந்தப் பக்கம் கிணற்றைப் பங்கு வைப்பது புதினமான காரியம் இல்லையாம். கார்த்திகையில் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள்.

தை மாதத்தில், ரெக்ஸ்டேலில் கார்கள் பனிக்குள் புதைந்து கிடந்த ஒரு நாள், அரிசோனாவிலிருந்து கலெக்ற் கோல் வந்தது. அழைப்புக்கான பணத்தை நாங்களே கட்டுவதாக மரியோ ஒப்புக்கொண்டு என்னிடம் தந்தார். மங்கை அக்கா. வெயிலைச் சொன்னார், பேரனின் குழப்படியைச் சொன்னார். மோட்டருக்கு அண்ணைதான் எண்ணெய் விடுகிறாராம்; தானும் பங்காளியென்று மருமகனைக் கிட்ட அண்டவும் விடுகிறாரில்லையாம். ஓம் அக்கா என்று சொல்ல நான் ஓர் இடைவெளி தேடினேன். கிடைக்கவில்லை. மரியோ மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். மூச்சு விட முடியாது என்று நீர் சொன்ன அம்மா இவர்தானா என்று கேட்டார். நான் தலையாட்டிவிட்டு, வைக்கட்டா அக்கா என்று ஒருமாதிரி இடையில் நுழைந்தேன்.

"பொறும் தம்பி, நான் இன்னும் கதைச்சு முடியேல்லை."

பாலைவனத்தில் வீடு கட்ட நினைப்பவர்களே, கிணற்றில் மிச்சம் பிடிக்க வழியுண்டு, ஆனால் தொலைபேசிச் செலவை மட்டும் தாராளமாகவே போட்டுக்கொள்ளுங்கள்.